நின்ற சக்கரமும் விழுந்த சக்கரமும்

மலைச் சைக்கிளுக்கு உயர்ந்த விலையில் ஒரு சோடிச் சில்லைத் தெரிவுசெய்வது முதற்பார்வைக்குப் பணத்தைப் பற்றிய கேள்வி. சற்று நின்று யோசித்தால், ஒரு பொருளின் நலம் அதில் எங்கே இருக்கிறது, கண்ணால் பார்த்து அதை அறிய முடியுமா என்ற மெய்யியல் கேள்வி அதற்குள் இருப்பது தெரியவரும். இந்தக் கேள்வியைச் சக்கரத்தை முன்வைத்தே ஆராய்ந்த சூத்திரம் ஒன்று பாளி பௌத்த நூற்றொகுதியில் உண்டு. அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் பகுதியில் வரும் பசேதன சூத்திரம் அது. அந்தத் தொகுதி முழுவதும் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் மாத்தளை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியோரத்தில் உள்ள அலுவிகாரைக் குகைகள் என்பது மரபு. அதே மாத்தளை மாவட்டத்தில்தான் மலைச் சைக்கிள்காரர்கள் தேடிப் போகும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் நிற்கிறது.

சூத்திரம் சொல்லும் கதை இது. பசேதனன் என்னும் அரசன் தன் தேர்த்தச்சனை அழைத்து, ஆறு மாதத்தில் போர் வரப்போகிறது, புதிய சக்கரச் சோடி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்கிறான். தச்சன் ஒப்புக்கொள்கிறான். ஆறு மாதத்துக்கு ஆறு நாள் குறைவாக இருக்கும்போது அரசன் விசாரித்தால், ஒரு சக்கரம்தான் முடிந்திருக்கிறது. மற்றதை எஞ்சிய ஆறு நாளில் செய்து முடித்துத் தச்சன் இரண்டையும் கொண்டுவருகிறான். அரசன் பார்க்கிறான். இரண்டுக்கும் எந்த வேறுபாடும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. வேறுபாடு உண்டு என்று சொல்லித் தச்சன் ஆறு நாள் சக்கரத்தை உருட்டுகிறான். தள்ளிய வேகம் உள்ளவரை அது ஓடி, பின் தள்ளாடிச் சுழன்று தரையில் விழுகிறது. மற்றதை உருட்டுகிறான். அதுவும் தள்ளிய வேகம் உள்ளவரை ஓடுகிறது. வேகம் தீர்ந்த இடத்தில், அச்சில் பூட்டியது போல் அப்படியே நிற்கிறது. காரணம் கேட்ட அரசனுக்குத் தச்சன் சொல்லும் பதில்: விழுந்த சக்கரத்தின் வட்டையிலும் ஆரங்களிலும் குடத்திலும் கோணலும் பழுதும் இருந்தன, நின்றதில் அவை இல்லை. அந்தத் தச்சன் முற்பிறப்பில் தானே என்று கூறும் புத்தர், அன்று மரத்தின் கோணலை அறிந்திருந்ததாகவும் இன்று உடல், சொல், மனம் ஆகிய மூன்றின் கோணலை அறிவதாகவும் முடிக்கிறார்.

இக்கதையில் கவனிக்க வேண்டிய இடம் சோதனை நடக்கும் முறை. ஓடும்போது இரண்டு சக்கரமும் ஒன்றுதான். தள்ளிய கையின் வேகம் இருக்கும்வரை கோணலும் நேர்மையும் ஒரே தோற்றம் காட்டும். வெளியிலிருந்து வந்த உந்துதல் ஓய்ந்த பிறகு எது தன் பலத்தில் நிற்கிறது என்பதே சோதனை. தேர்த் திருவிழா கண்ட தமிழருக்கு இது புரியக் கடினமில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தை ஒட்டி ஐந்து தேர்கள் வீதிவலம் வரும்போது ஆயிரம் கைகள் வடம் பிடிக்கும். ஆனாலும் தேர் பிசகின்றி நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஊர் நிம்மதி அடையும்.

நூல்கள் ஓலைக்கு வந்த வரலாற்றிலும் இதே சோதனை நடந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் துறவிகளின் மனனத்திலேயே வாழ்ந்த புத்தவசனம், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் எழுத்துக்கு வந்தது. படையெடுப்பும் கொடிய பஞ்சமும் சேர்ந்து வந்த காலம் அது. மனனம் செய்தவர்கள் மாண்டால் நூலும் மாளும் என்ற அச்சம் அப்போது எழுந்தது. அரச ஆதரவும் நிறைந்த மடங்களும் இருந்தவரை வாய்மொழி மரபு தடையின்றி ஓடியது. அந்த உந்துதல் நின்றபோது நூலை நிற்க வைக்க வேறொரு உழைப்பு தேவைப்பட்டது. அலுவிகாரையின் பழைய ஏட்டுத் தொகுதி 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்தது. அதற்குள் நூல்கள் படியெடுக்கப்பட்டுக் கடல்கடந்து பரவியிருந்தன. அதனால்தான் பசேதனனின் தச்சன் இன்றும் பேசுகிறான்.

தமிழிலும் இத்தகைய தச்சன் ஒருவன் உண்டு. புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் பகைவரை எச்சரிக்கும்போது, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் கருதிச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். இரண்டு மரபும் ஒன்றையொன்று பார்த்துச் சொன்னவை என்று கூறச் சான்றில்லை. இரண்டிலும் தச்சனுக்கு விரைவாகச் செய்யத் தெரியும் என்பதுதான் சிறப்பு. விரைவு அவனுக்கு இயலாமல் போகவில்லை. ஒரு சக்கரத்துக்காக அவன் அதைத் தள்ளிவைக்கிறான். காலம் தானாக எந்தப் பொருளையும் நல்லதாக்காது. ஆறு மாதம் மூலையில் கிடந்த மரம் ஆறு மாதச் சக்கரம் ஆகாது. கோணல் கண்ணுக்குத் தெரியவும், தெரிந்தபின் அதை நீக்கவும் காலம் வேண்டும். சூத்திரத்தின் தச்சனும் நாட்கணக்கைக் காரணமாகச் சொல்லவில்லை, கோணலையே சொன்னான்.

இப்போது சைக்கிள் கடைக்கு வரலாம். உயர்தரச் சில்லு என்று விற்கப்படுவது நான்கு உறுப்புகளின் கூட்டு: ரிம், கம்பிகள், அவற்றை ரிம்மில் பூட்டும் நிப்பிள்கள், நடுவிலுள்ள ஹப். இன்றைய மலைச் சைக்கிளில் பெரும்பாலும் 29 அங்குலச் சில்லு. டயர் அமரும் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீற்றர். 2.4 முதல் 2.6 அங்குல டயருக்கு ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீற்றர் பொருந்தும். ரிம் அலுமினியமாகவோ காபன் இழையாகவோ இருக்கும். சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ், இங்கிலாந்தின் ஹோப், அமெரிக்காவின் கிறிஸ் கிங் ஆகியவை ஹப்புக்குப் பெயர் பெற்றவை. மிதிகட்டையைத் திருப்பியதும் எத்தனை பாகையில் பிடி விழுகிறது என்பதை விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும். டிடி சுவிஸின் 36 பல் பூட்டில் அது 10 பாகை; கிறிஸ் கிங்கின் 72 பல் பூட்டில் 5 பாகை. விலை ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டுவது சாதாரணம்.

இந்த உறுப்புகளில் எதில் சில்லின் நலம் இருக்கிறது? சம்யுத்த நிகாயத்தில் வஜிரா என்னும் பிக்குணி இதை ஒத்த கேள்வியை எதிர்கொள்கிறாள். உயிர் என்பது எது, அதைச் செய்தவன் யார் என்று, துறவிகளைச் சோதிக்க வரும் மாரன் அவளை மடக்கப் பார்க்கிறான். உறுப்புகள் சேர்ந்தபோது தேர் என்ற பெயர் வழங்குவது போல, உடலும் மனமுமாகிய கூறுகளான கந்தங்கள் சேர்ந்தபோது உயிர் என்ற வழக்கு உண்டாகிறது என்பது அவள் விடை. பின்னாளில் மிலிந்தன் என்ற அரசனிடம் நாகசேனர் இதையே விரித்து, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் அரசன் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த ரிம்மையும் ஹப்பையும் கம்பிகளையும் மேசையில் பரப்பி வைத்தால் அங்கே உறுப்புகள்தாம் உண்டு, சில்லு இல்லை.

சைக்கிள் சில்லு வஜிராவின் விடையைத் தேரைவிட ஒரு படி மேலே கொண்டுபோகிறது. மரச் சக்கரத்தில் பாரத்தைக் கீழேயுள்ள ஆரம் தூண்போல் தாங்கும். ஆகவே மரத்தின் நேர்மையும் வைரமும் அங்கே பாதி வேலையைச் செய்துவிடும். சைக்கிள் கம்பியோ ஒரு தூண் அல்ல. அழுத்தினால் வளைந்துவிடும் மெல்லிய உருக்கு. 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி ஹப்பிலிருந்து சாய்வாகப் பின்னிய கம்பிகளைக் கொண்ட சில்லுக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன்பிருந்தே, அது இழுவிசையால் நிற்கிறது. நன்கு கட்டிய சில்லில் ஒரு கம்பி ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பில் இருக்கும். 32 கம்பிக்கும் சேர்த்தால் அது ஏறக்குறைய மூன்று தொன் ஆகும். பாரம் ஏறும்போது கீழ்க் கம்பிகளின் இழுப்புக் கொஞ்சம் தளரும், சுழன்று மேலே போனதும் திரும்ப ஏறும். இந்த இழுவிசை ரிம்மில் இல்லை, கம்பியில் இல்லை, ஹப்பிலும் இல்லை. மூன்றுக்கும் இடையிலான உறவில் மட்டுமே இருக்கிறது. சில்லின் நலத்தில் பெரும்பங்கு அந்த உறவுதான் என்பதால், உறுப்புகளின் பெயர்ப்பட்டியலைப் படித்துச் சில்லை மதிப்பிடுவது பசேதனன் கண்ணால் பார்த்து மதிப்பிட்டதற்குச் சமம்.

உறவைச் சீர்படுத்துவது எப்படி என்பதைச் சில்லுக் கட்டுபவரின் கையில் பார்க்கலாம். ரிம் தாங்கியில் சுழல்கிறது. பக்கவாட்டில் வைத்த முனை எந்த இடத்தில் உரசுகிறதோ அங்கே சில்லு நெளிந்திருக்கிறது. கம்பிச்சாவியால் கால் திருப்பு, அதிகம் போனால் அரைத் திருப்பு; பிறகு முறுகிய கம்பி விடுபடக் கொஞ்சம் பின்திருப்பு. நடுவே விரலால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதைக் கொடுப்பார். ஒரே பக்கக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து ஒலித்தால் அது தளர்ந்த கம்பி. சில்லு அந்த நேரத்தில் நேராகச் சுழன்றாலும், தளர்ந்த கம்பியின் சுமையை அயலில் உள்ளவை சுமக்கின்றன. கம்பிகள் பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. தளர்வதும் இறுகுவதுமாக இலட்சக்கணக்கான சுற்றில் களைத்து, ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் கழுத்தில் முறியும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆபத்துத்தான்: ரிம் தாங்காமல் குதிரைச் சேணம் போல் முறுகிவிடும்.

சோணருக்குப் புத்தர் சொன்ன அறிவுரை இதற்கு மிக அருகில் நிற்கிறது. கடுந்தவத்தில் கால் கிழிந்து இரத்தம் வரும்வரை நடந்த அந்தத் துறவி, பயனில்லை என்று மனம் சோர்ந்து இல்லறத்துக்குத் திரும்ப நினைக்கிறார். முன்பு வீணை வாசித்தவர் அவர். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் வீணை இசைக்குமா என்று புத்தர் கேட்கிறார். முயற்சியைச் சமநிலையில் வைத்துப் புலன்களையும் அந்தச் சமநிலைக்குக் கொண்டுவருமாறு சொல்கிறார். இதைப் பலர் நடுத்தரமாக இருந்தால் போதும் என்று எளிதாக்கிவிடுகிறார்கள். அது பிழை. சில்லின் நடுநிலை தளர்வுக்கும் முறுகலுக்கும் பாதித்தூரம் அல்ல. ரிம் தாங்கும் எல்லைக்கு அருகே, ஒரே பக்கக் கம்பிகள் எல்லாவற்றிலும் சமமாக, உயர்ந்து நிற்கும் இழுப்பு அது.

இங்கே சைக்கிள் சில்லு பழைய உவமையைத் திருத்தவும் செய்கிறது. மரத்தில் உறைந்த கோணலை ஆறு நாள் சக்கரம் தானாகக் களைய முடியாது. அது விழுந்தே தீரும். கம்பிச் சில்லின் கோணல் அப்படியல்ல, சாவி வைத்துத் திருத்தக்கூடியது. அதே காரணத்தால் ஆறு மாதம் கருதிக் கட்டிய சில்லும் ஓட ஓடத் தளரும். உடல், சொல், மனம் ஆகியவற்றின் கோணல் களையப்படலாம் என்பதுதான் புத்தரின் போதனை முழுவதற்கும் அடிப்படை. அதற்கு வெட்டி முடித்த மரச் சக்கரத்தைவிட, திரும்பத் திரும்பச் சுருதி பார்க்க வேண்டிய கம்பிச் சில்லு பொருத்தமான படிமம்.

ஆசை பற்றிய கேள்வி எஞ்சுகிறது. சிறந்த சில்லை விரும்புவது தணியாத வேட்கையா? மஜ்ஜிம நிகாயத்தின் சப்பாசவ சூத்திரம் ஒரு பயனுள்ள அளவுகோல் தருகிறது. ஆடை, உணவு, உறையுள், மருந்து ஆகியவற்றைத் துறவி பயன்படுத்தும்போது எதற்காக என்று எண்ணிப் பயன்படுத்த வேண்டும்: ஆடை குளிரையும் வெயிலையும் கொசுவையும் தடுக்க, உணவு உடலை நிலைநிறுத்த. மலிவானதே அறம் என்று அது சொல்லவில்லை. நோக்கத்தைச் சொல்ல முடியாத நுகர்வையே கண்டிக்கிறது. பசேதனனுக்குப் போர் என்ற நோக்கம் இருந்தது. ஐந்து பாகைக்கும் பத்துப் பாகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் ஓட்டத்தில் உணரவே முடியாதவர் அதற்குப் பணம் கொடுத்தால் அவர் வாங்குவது சில்லை அல்ல, பிறர் பார்வையை.

மாத்தளையில் நோக்கத்தைச் சொல்வது எளிது. ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புரப் பக்கம் இறங்குபவருக்கு மழையும் மூடுபனியும் உறுதி. நக்கிள்ஸ் இரண்டு பருவமழையையும் வாங்கும் மலை. தோட்டப் பாதைகளில் உருட்டுக்கல்லும் சேறும் வடிகால் பள்ளமும் மாறிமாறி வரும். ஆகவே பிடி விழும் பாகையைவிடத் தண்ணீர் புகாமல் பேரிங்கைக் காக்கும் சீல் முக்கியம். காபன் ரிம் இலேசானது. விளிம்பில் குறையும் எடை ஏற்றத்தில் வேகம் கூட்டும்போது கூடுதல் பலன் தரும். ஆனால் கல்லில் மோதி வெடித்தால் சாவியால் நேராக்க வழியில்லை, தயாரித்தவரிடமிருந்து வேறொன்று வர வேண்டும். அலுமினியம் நெளியும்; நெளிந்ததைப் பெரும்பாலும் ஓரளவு மீட்கலாம். போட்டியில் ஓடாதவருக்கு இந்தப் பாதைகளில் நல்ல அலுமினிய ரிம், 32 உருக்குக் கம்பி, பித்தளை நிப்பிள், நல்ல சீல் கொண்ட ஹப் என்பதே சரியான தெரிவு. இரண்டு சில்லுக்கும் பணம் போதாவிட்டால் பின்சில்லுக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டுநரின் எடையில் பெரும்பகுதியும் மிதிப்பின் முறுக்கும் அதன் மேல்தான் விழுகின்றன. பல்சக்கரப் பக்கக் கம்பிகள் மறுபக்கத்தைவிட இறுக்கமாக இருப்பதால் சமநிலை காப்பதும் அங்கே கடினம்.

மிச்சப்படும் பணத்தைக் கம்பி கட்டும் கைக்குக் கொடுங்கள். புதிய சில்லை முதல் சில வாரம் ஓட்டியபின் அதே கையிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சுருதி பார்க்கச் சொல்லுங்கள்.