பூனையின் கால்வலி

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், பெரிய யானையின் தந்தங்களுக்கு முன்னால், ஒரு பூனை பின்னங்கால்களில் நிற்கிறது. முன்னங்கால்கள் தலைக்குமேல் உயர்ந்திருக்கின்றன. அருகில் எலிகள். பாறைப் பிளவுக்கு அந்தப் பக்கம், மேலே, எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் நிலையைத்தான் பூனை எடுத்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பூனையைக் கண்டதும் சிரிக்கிறார்கள். ருத்திராட்சப் பூனை என்ற சொல் நம்மிடம் தயாராக இருப்பதால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. எனக்குச் சில வருஷங்களாக அந்தச் சிரிப்பு வருவதில்லை. காரணத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

2019 மே மாதம், நண்பர்கள் மூவரோடு காவிரியின் ஓர் இடுக்கில் நடந்தேன். கர்நாடகத்தில், கனகபுராவுக்கு அப்பால், அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்திலிருந்து மேகேதாட்டு சுமார் 4 கிலோமீட்டர். தமிழில் ஆடுதாண்டு காவிரி. குளித்தலைப் பக்கம் அகண்ட காவிரியைப் பார்த்தவனுக்கு, ஓர் ஆடு தாண்டிவிட்டதாக ஜனங்கள் கதை சொல்லுமளவு அந்த ஆறே இங்கு ஒடுங்கிக் கிடப்பதை நம்புவது கஷ்டம். சுழலில் அகப்பட்ட கற்கள் பாறையைக் குடைந்து குடைந்து உரல் உரலாகக் குழித்திருக்கின்றன. போவதற்குச் சாலை இருக்கிறது. நாங்கள் சாலையை ஒதுக்கிவிட்டுக் கரைப்பாறைகளில் ஏறி இறங்கிப் போனோம். அந்த வேண்டாத சிரமத்திற்காகத்தான் நான்கு நாள் லீவு போட்டிருந்தோம்.

ஓரிடத்தில் சறுக்கினேன். முழங்கால் கிழிந்தது. இடது பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கீழே தண்ணீரின் இரைச்சல். நண்பன் வந்து இழுத்துவிடும்வரை சில நிமிஷங்கள்தான். அந்த நிமிஷங்களில் என் பெயர், உத்தியோகம், அபிப்பிராயங்கள் ஒன்றும் என்னிடம் இல்லை. பாதம் இருந்தது, கல் இருந்தது. இதை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆனால் பஸ் கனகபுரா வந்து சேர்வதற்குள் அந்த நிமிஷங்களை வாக்கியங்களாக்கத் தொடங்கியிருந்தேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுகொண்டிருந்தன. எங்கள் தெருவிலும் குழாய் நின்று, ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி. அம்மாவுக்கு அப்போது 63 வயது. நான் கால் நீட்டி உட்கார்ந்து நடந்ததைச் சொல்லச் சொல்ல, காயத்தில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். "நீயா போயித் தேடிக்கிட்ட வலிடா. அதான் இனிக்குது உனக்கு." லாரியின் ஹாரன் கேட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. காயம் இருந்ததே. அன்று முதல்முறையாக எங்கள் மாடிப்படிகளை எண்ணினேன். 38. அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்து, அவள் காலடி ஓசையை வைத்து.

இந்த இடத்தில் ஒரு சுலபமான முடிவு காத்திருக்கிறது. தேர்ந்துகொண்ட கஷ்டம் பாசாங்கு, நிர்ப்பந்தக் கஷ்டமே உண்மை என்பது. முற்போக்கு நண்பர்கள் சிலர் நான் இதைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே இந்த முடிவை எடுத்துக் கொடுத்தார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. வலி, யார் விருப்பத்தில் வந்தேன் என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. அத்தனை நேரம் பின்னங்காலில் நின்ற பூனைக்கும் கால் வலித்திருக்கும். மேலும், மேலே நிற்கும் தவசியை யார் நிர்ப்பந்தித்தார்கள்? பாசுபதாஸ்திரம் வேண்டி நிற்கும் அருச்சுனன் என்பது ஒரு கட்சி. 1914இல் விக்டர் கொலூபேவ், இது கங்கை இறங்கும் காட்சி என்று வாதிட்டார். அப்படியானால் தவசி பகீரதன். அருச்சுனனோ பகீரதனோ, தானாக வரித்துக்கொண்ட வருத்தம்தான் அது.

பூனையின் கதை மகாபாரதத்தில் உத்தியோக பர்வத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கைதூக்கி நின்ற பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புகுகின்றன. எலிகள் குறைய, பூனை கொழுக்கிறது. இந்தக் கதையை யார், யாருக்குச் சொல்லி அனுப்புகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உலூகன் மூலமாகத் தருமனுக்குச் சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன். பிறர் தவத்தைப் பொய்யென்று காட்டிச் சிரிப்பது ஒருவனை நல்லவனாக்கிவிடாது. பூனையைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் எந்தப் பாசறையில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான் வங்கியில் குமாஸ்தா. வவுச்சர் இல்லாமல் எந்தப் பதிவும் நிற்காது என்பது எங்கள் பால பாடம். என் முழங்கால் காயம் அப்படியொரு வவுச்சர். அதைக் காட்டித் தைரியம், அனுபவம், இயற்கையோடு உறவு என்று பல தலைப்புகளில் வரவு வைத்துக்கொண்டேன். கடைசியாக, லாரித் தண்ணீர் தூக்குவதிலிருந்து விலக்கும் பெற்றேன். பூனை செய்த காரியம் இதுதான். கால்வலி நிஜம். அதை மாற்றி எலி வாங்கியதில்தான் கோளாறு. அம்மாவின் 38 படிகளுக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு இல்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததைத் தியாகம் என்று நான் எழுதினால், அதையும் என் கணக்கிலேயே வரவு வைத்தவனாவேன்.

சிமோன் வெய் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் தத்துவ ஆசிரியை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு 1934-35இல் தொழிற்சாலைகளில் உழைத்தார். விரும்பியபோது திரும்பிவிடலாம் என்ற வித்தியாசம் அவருக்கும் இருந்தது. ஆனால் அங்கே பெற்றதை அவர் சாதனையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அடிமையின் முத்திரை தன்மேல் விழுந்துவிட்டது என்ற பொருளில் பின்னர் எழுதினார். தேர்ந்துகொண்ட வலி ஒருவனுடைய இருப்பைக் கூட்டாமல் குறைக்கவும் கூடும் என்பதற்கு இதை ஒரு சாட்சியாக நினைக்கிறேன். எனக்கும் அந்தக் கற்களுக்கு நடுவே சில நிமிஷங்கள் அது நிகழ்ந்தது. வரவு வைக்க அங்கே ஆள் இல்லை. அந்த ஆள் பஸ்ஸில் ஏறி வந்தவன். ஆற்றின்மேல் பழி சொல்ல எதுவுமில்லை.

எழுதாமல் விட்டிருந்தால் அந்த நிமிஷங்கள் சுத்தமாக இருந்திருக்குமா? இந்தக் கட்டுரையும் இன்னொரு வவுச்சர்தானா? குற்றத்தை ஒப்புக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது. அதற்கும் எலி கிடைக்கும். இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு எழுத முடியாது என்பதால் தீர்க்காமலே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மீண்டும் மாமல்லபுரம் போனேன். பூனையின் முன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கைதூக்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் பிளவின் இந்தப் பக்கம், அடியில், சிறு கோயிலுக்கு அருகே பார்த்தேன். ஆற்றங்கரையில் சிலர். ஒருவன் ஈரத்துணியைப் பிழிகிறான். ஒருவன் குளித்துவிட்டுத் தோளில் குடத்தோடு நிற்கிறான். அருச்சுனனா, பகீரதனா என்று நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் சர்ச்சை இவர்களைத் தொடவில்லை. சிவன் வரம் கொடுத்துக்கொண்டிருப்பதை இவன் திரும்பிப் பார்க்கவுமில்லை. குடம் நிறைந்திருக்க வேண்டும். தோளில் அதை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான்.