காத்திருப்பின் கணக்கு

கம்பியில்லாக் கருவி ஒன்றில் மின்சாரம் அதிகம் செலவாவது எப்போது என்று கேட்டால், செய்தி அனுப்பும்போது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். காற்றில் அலையை வீச வேண்டும். அதற்குத்தானே சக்தி தேவை? அளந்து பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. சிசி2420 என்றொரு ரேடியோ சில்லு. 2000-களில் உணரிக் கருவிகள் பலவற்றில் இருந்தது. முழு வலிமையோடு செய்தி அனுப்பும்போது அது எடுப்பது 17.4 மில்லிஆம்பியர். செய்தி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது 18.8. பேசுவது சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். கேட்டுக்கொண்டிருப்பதற்கு முடிவே கிடையாது.

ஆன்டெனாவுக்கு வந்து சேரும் அலை மிக மிக நலிந்தது. அதைப் பெருக்க வேண்டும், இரைச்சலிலிருந்து பிரிக்க வேண்டும், எண்களாக மாற்ற வேண்டும். செய்தி எந்தக் கணத்தில் வரும் என்று தெரியாததால் இந்தச் சுற்றுகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. யாருமே அழைக்காத நாளிலும் அதே செலவு. 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் பேட்டரியை இந்தச் சில்லில் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருக்க விட்டால் ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருக்கச் சொன்னால், ரேடியோவின் கணக்கில் அதே பேட்டரி ஒன்றரை ஆண்டு வரும்.

இந்தக் கணக்கு உயிருள்ளவற்றின் நலனோடும் சேர்ந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் கிரேட் டக் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. லீச்சின் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். அடைகாக்கும் தொடக்க நாட்களில் மனிதர் போய்த் தொந்தரவு செய்தால் கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். 2002-இல் பெர்க்லியிலிருந்து வந்த ஆய்வாளர்களும் அட்லாண்டிக் கல்லூரியினரும் அந்த வளைகளிலும் சுற்றுப்புறத்திலும் 32 சிறு கருவிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏஏ பேட்டரி. ஒன்பது மாதம் தாங்க வேண்டும் என்பது இலக்கு. பேட்டரி மாற்றப் போவதே பறவைக்குத் தொந்தரவு. நாளொன்றுக்கு 8 மில்லிஆம்பியர்-மணி, அவ்வளவுதான் செலவிடலாம். ரேடியோவைத் திறந்தே வைத்திருந்தால் அன்றைய பங்கு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அந்தக் கருவிகள் பெரும்பொழுது உறங்கின; விழித்து, அளந்து, சொல்லிவிட்டு மறுபடியும் உறங்கின.

உறங்குகிறவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வது? இந்தத் துறையின் பாதி அறிவு இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. நேரம் குறித்துக்கொள்ளலாம். ஆனால் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகும் கடிகாரம் ஒரு நாளில் 1.7 வினாடி தவறிவிடும். சந்திப்பைத் தவறவிடாமல் இருக்க, குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே எழுந்துகொள்ள வேண்டும். அந்த முன்னேற்பாட்டுக்கும் பேட்டரிதான் விலை கொடுக்கிறது.

நம் வீட்டு வைஃபையில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு, 1997-இல் வந்த முதல் தரவரையறையிலேயே இருக்கிறது. கைப்பேசி ரவுட்டரிடம் நான் உறங்கப்போகிறேன் என்று ஒரே ஒரு பிட்டில் சொல்லிவிடுகிறது. அதன்பின் அதற்கு வரும் செய்திகளை ரவுட்டர் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ வினாடிக்குப் பத்து முறை ரவுட்டர் ஓர் அறிவிப்பு விடுக்கிறது. யார் யாருக்குச் செய்தி காத்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். கைப்பேசி அந்த அறிவிப்பு வரும் நேரத்தில் கண் விழித்து, தன் பெயர் இல்லையென்றால் உடனே உறங்கிவிடும். 2021-இல் ஒப்புதல் பெற்ற வைஃபை 6 தரவரையறை இன்னும் ஒரு படி போகிறது: அடுத்து எப்போது எழ வேண்டும் என்பதைக் கருவியும் ரவுட்டரும் முன்கூட்டியே தனியாகப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசைதான் நினைவுக்கு வருகிறது. டோக்கன் வாங்கியவர் தேநீர் குடிக்கப் போக முடியாது, குழந்தையை மடியில் போட்டுக் கண்ணயர முடியாது. எந்த நொடியில் பெயரைக் கூப்பிடுவார்களோ! அவருடைய களைப்பில் பாதி நோயினால் வந்தது, பாதி அந்தத் தெரியாமையால் வந்தது. "உங்க நம்பர் பதினோரு மணிக்கு மேலதாம்மா வரும்" என்று செவிலியர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். வரிசை ஓர் அடியும் நகரவில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

காத்திருப்பது ஒரு வேலை. கூலியில்லாத வேலை என்பதால் அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பெரும்பாலும் இருப்பு குறைந்தவர் தலையில்தான் அது விழுகிறது. வைஃபையை வகுத்தவர்கள் அதை மாற்றி வைத்தார்கள். ரவுட்டர் சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கிறது, கைப்பேசி கையிருப்பில் வாழ்கிறது. விழித்திருக்கும் பொறுப்பு சுவரில் செருகியதற்கு, உறங்கும் உரிமை பேட்டரியில் ஓடுவதற்கு. பொறியியல் ஏற்பாடுதான், ஆனாலும் இதில் நான் ஒரு நீதியைப் பார்க்கிறேன். தாங்கக்கூடியவர் காத்திருக்க வேண்டும். தாங்க முடியாதவருக்கு நேரம் சொல்லியனுப்ப வேண்டும்.

தாங்கக்கூடியவரின் செலவும் செலவுதான். 8 வாட் எடுக்கும் ரவுட்டர் ஆண்டு முழுவதும் ஓடினால் 70 யூனிட் ஆகிறது. 4ஜி கோபுரங்கள் ஒவ்வொரு மில்லிவினாடியும் அடையாள அலை அனுப்பிக்கொண்டிருந்தன. 5ஜியில் அது பொதுவாக 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை என்று குறைக்கப்பட்டது. இடையில் கிடைக்கும் அமைதியில் கோபுரத்தின் சில பகுதிகளும் கண் மூடலாம்.

இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்துச் சேர்த்த உறக்கத்தை ஒரு செயலி ஒரே நாளில் கெடுத்துவிடுகிறது. 'புதிதாக ஏதாவது உண்டா?' என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும் நிரல் ரேடியோவைக் கண் மூட விடாது. எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் ஓர் அறிவிப்பு, வலையில் உறங்கும் எல்லாக் கருவிகளையும் எழுப்பிவிடும். நிரல் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த வரியை எழுதுமுன், பதில் அவ்வளவு அவசரமாக யாருக்குத் தேவை என்று பாருங்கள். பதினைந்து நிமிடம் பொறுக்கும் செய்தியைப் பதினைந்து நிமிடம் பொறுக்க விடுங்கள். சில்லறைச் செய்திகளைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். உங்கள் சர்வருக்கு மின்சாரம் தடையில்லாமல் வருகிறது; காத்திருக்கும் வேலையை அதனிடம் கொடுங்கள்.