கறுவாவும் பீவர் தோலும்

1759இல் பிரெஞ்சுக்காரரின் கியூபெக் நகரம் ஆங்கிலேயரிடம் விழாமல் இருந்திருந்தால் வட அமெரிக்காவின் தோல் வணிகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே தொடர்ந்திருக்கும். சரித்திரம் வாசிப்பவர்கள் பலருக்கும் இப்படி எண்ணிப் பார்ப்பதில் ஒரு பிரியம் உண்டு. எனக்கும் உண்டு. ஐரோப்பியப் பிரபுக்களின் தொப்பிக்காகப் பீவர் என்ற விலங்கின் மென்மயிர் கடல் கடந்து போனது. காட்டில் அதைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். 1763 பாரிஸ் உடன்படிக்கையோடு கனடா ஆங்கிலேயர் வசமானது.

கொழும்பில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது நினைவு தானாகவே கறுவாவுக்குத் தாவுகிறது. அதுவும் காட்டுப்பொருள், ஒரே கம்பனியின் பூட்டுக்குள் இருந்தது, உள்ளூர்க் குடிகளின் கையால் எடுக்கப்பட்டு வெளிநாட்டுச் சீமானின் வீட்டுக்குப் போனது.

*

பிரெஞ்சுக்காரர் இலங்கையைப் பிடிக்கும் நிலைக்கு மிக அருகில் இரண்டு முறை வந்தார்கள். 1672இல் தெ லா ஹேயின் கப்பல்கள் திருகோணமலையில் நங்கூரமிட்டன. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை வரவேற்றான். ஒல்லாந்தர் அதே ஆண்டிலேயே அவர்களை விரட்டிவிட்டார்கள். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்திருந்த அதே துறைமுகத்தைப் பிடித்தார். சமாதானம் வந்ததும் அது ஒல்லாந்தரிடமே திரும்பிப் போயிற்று.

*

ஆனால் நான் நெடுநேரம் தங்கி நிற்பது வேறோர் இடத்தில். கொழும்புக் கோட்டையைக் காத்து நின்ற ஒல்லாந்தப் படையில் தெ மெரோன் என்ற சுவிஸ் கூலிப்படைப் பிரிவும் இருந்தது. நியூஷாத்தெல்லைச் சேர்ந்த ஷார்ல்-தானியேல் தெ மெரோன் 1781இல் ஒல்லாந்தக் கம்பனிக்காகத் திரட்டிய படை அது. 1795 மார்ச்சில் ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் நியூஷாத்தெல் போய், அந்தப் பிரபுவிடம் பேசி, படையை முழுதாக ஆங்கிலேயர் பக்கம் மாற்றும் உடன்படிக்கையை முடித்தார். கொழும்பில் படையை நடத்திய தம்பி பியேர்-பிரெதெரிக்குக்கு அந்தச் செய்தி ஒரு பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டது என்று சொல்வார்கள். படை விலகியது. 1796 பெப்ரவரியில் ஆளுநர் ஃபான் அங்கெல்பெக் பெரிய சண்டை ஏதுமின்றிக் கொழும்பை ஒப்படைத்தார்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும்போதெல்லாம் வூல்பெண்டால் தேவாலயத்தின் தடித்த சுவரைப் பார்த்து நிற்பேன். 1757இல் அபிஷேகம் செய்யப்பட்ட கோவில் அது. அத்தனை கனமாகக் கட்டியவர்களின் நகரம், தொலைதூர நியூஷாத்தெல்லில் இடப்பட்ட கையெழுத்தால் கைமாறியது. இதை எத்தனை முறை எண்ணினாலும் மனம் ஏற்க மறுக்கிறது.

*

தெ மெரோன் படையின் கதை இங்கே முடியவில்லை. 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றது, பிறகு மத்தியதரைக் கடல் போய், 1813இல் கனடா சேர்ந்தது. 1816இல் அங்கே கலைக்கப்பட்டபோது, செல்கேர்க் பிரபு அதன் முன்னாள் வீரர் பலரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஹட்சன் பே என்ற தோல் வணிகக் கம்பனியின் பெரிய பங்காளர். சிவப்பாற்றங்கரையில் அவர் வைத்த குடியேற்றத்தோடு போட்டித் தோல் வணிகர்களான நோர்த் வெஸ்ட் கம்பனிக்குத் தீராப் பகை. அந்த ஆகஸ்டில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த வணிகர்களின் வில்லியம் கோட்டையை அவர் கைப்பற்றினார். கொழும்பு கண்ட பழைய முகங்கள் அவரோடு போன வீரர்களுக்குள் அதிகம் இருந்திருக்காது. வழியெல்லாம் புது ஆட்கள் சேர்ந்த படை. பெயர் மட்டும் அதே பெயர். கறுவாக் கோட்டையை விட்டு விலகிய பெயர் தோல் கோட்டையின் வாசலில் போய் நின்றது.

அந்தக் கோட்டைக்குத் தோல் சுமந்து படகு வலித்தவர்களில் பெரும்பாலானோர் பிரெஞ்சு பேசும் கனடியர். பிரெஞ்சுக் கொடி இறங்கி அரை நூற்றாண்டு கழிந்தும் துடுப்பு அவர்கள் கையிலேயே இருந்தது.

*

சுவிஸ் படை மாறாமல் இருந்திருந்தால்? 1795இல் ஒல்லாந்து பிரான்சின் கூட்டாளியாகிவிட்டது. கோட்டை தாக்குப்பிடித்திருந்தால் கொழும்பும் பிரெஞ்சு நிழலில் சில காலம் இருந்திருக்கலாம். புதுச்சேரியையும் காரைக்காலையும் போல இங்கேயும் தமிழர் பிரெஞ்சு பேசியிருப்பர். ஆனந்தரங்கப் பிள்ளையைப் போன்ற ஒரு துபாஷி கொட்டாஞ்சேனையில் இருந்து நாட்குறிப்பு எழுதியிருக்கலாம். இந்தக் கற்பனை இனிக்கிறது. இனிப்பதாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம்.

உண்மையில் நடந்ததில் நம்மவர் பங்கும் உண்டு. 1796க்குப் பின் இலங்கையின் வரி வசூலைச் சென்னை அரசு தன் ஆட்களிடம் கொடுத்தது. அவர்களில் தமிழர் இருந்தார்கள். தென்னைக்கும் வரி போட்டார்கள். 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காரணம் விசாரிக்க அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அதே பியேர்-பிரெதெரிக் தெ மெரோன். ஆள வந்தவனைக் குறை சொல்லும்போது அவனுக்காகக் கணக்கெழுதிய நம் கையையும் மறைக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

கறுவா உரித்த சலாகம மக்களுக்கு இவை எதனாலும் பாரம் குறையவில்லை. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களது மரபுக்கதை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எசமான் மாறினான்; உரிக்க வேண்டிய கடமை மாறாமல் நின்றது. கறுவா ஏகபோகத்தை ஆங்கிலேயர் கைவிட 1833 ஆயிற்று. பிரெஞ்சுக்காரன் வந்திருந்தால் அந்தப் பாரத்தைக் குறைத்திருப்பான் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

*

கறுவாவை அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும். பீவர் அப்படியல்ல, ஓர் ஆற்றில் பிடித்து முடித்தால் அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டும். அந்த வணிகம் மேற்கே மேற்கே என்று நகர்ந்ததற்கும், புதிது புதிதாகக் கோட்டை எழுந்ததற்கும் இது ஒரு காரணம்.

1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பு வெள்ளவத்தையின் தமிழ்க் குடும்பங்கள் பல அதே கனடாவுக்குப் போயின. தோல் வணிகத்தின் பழைய தலைநகரான மொன்றியலில் இன்று நம் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்கிறார்கள். அவர்கள் பள்ளியில் படிப்பது அந்த ஊரின் கதை. தொலைபேசியில் பேசும்போது தெ மெரோன் படையையும், கறுவா உரித்தவர்களையும், பீவர் பிடித்தவர்களையும் பற்றி நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.