ஆசிரியக் கடன்: வைத்தியர் கிறீனை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நன்னூற் பாயிரம் நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டுப் பேசும். மாணாக்கன் ஆசிரியனிடத்து எவ்வாறு அமர்ந்து எவ்வாறு கேட்டு எவ்வாறு உளங்கொள்ள வேண்டும் என்பதனையும் வகுத்துரைக்கும். ஆனால், ஆசிரியன் மறைந்த பின்னர் அவனை எவ்வாறு நினைத்தல் தகும் என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. நாமோ அவ்வினாவுக்கு எளிதில் விடை கண்டுவிட்டோம். படத்துக்கு மாலை, நினைவுப் பேருரை, சிறப்பு மலர் என்பனவே அவ்விடை. இவை வேண்டாதன என்பது என் கருத்தன்று; மலர் ஒன்றில் எழுதிக்கொண்டே மலர்களைப் பழிப்பதும் முறையாகாது. இவற்றால் நினைக்கப்படுபவர் ஆசிரியரா அன்றி நாமேயா என்பதே என் ஐயம்.

இவ்வையத்தை ஆராய்தற்கு, யாழ்ப்பாண மண்ணில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்வு மிகவும் பொருத்தமானது. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த அவர், அமெரிக்க மிசன் வைத்தியராக 1847ஆம் ஆண்டு இங்கு வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மாணாக்கர் சிலரைச் சேர்த்து மேலை மருத்துவங் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870ஆம் ஆண்டில் என்பதை நினைத்துப் பார்த்தால் இம்முயற்சியின் முதன்மை விளங்கும். இடையிற் சில ஆண்டுகள் தாயகத்தில் தங்கி, 1862இல் மீண்டு வந்து 1873வரை பணிபுரிந்தார். அவரிடங் கற்று வைத்தியரானோர் 60 பேருக்கும் மேற்பட்டோர்.

முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1864ஆம் ஆண்டளவில் தமிழுக்கு மாறினார். நூலின்றிக் கற்பித்தல் இயலாதாகையால் நூல்களும் எழுந்தன. 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்பன 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் அச்சானது 1858இல். அதனைத் தழுவிய பாடநூல் பதினான்கே ஆண்டுகளில் தமிழ் மாணாக்கன் கைக்கு வந்துவிட்டது! மொழிபெயர்ப்பில் மாணாக்கரும் தோள்கொடுத்தனர்; கிறீன் செப்பஞ் செய்தார். கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசைவித்துக் கொள்வது என்பது அவர் கைக்கொண்ட நெறி. நூற்பெயர்களிலேயே இந்நெறியைக் காணலாம். நாடு திரும்பிய பின்னரும், 1884இல் வூஸ்ரரிற் கண்மூடும்வரை, தமிழ் நூற்பணியை அவர் விட்டாரல்லர்.

இவ்வளவையும் கூறித் 'தமிழுக்கு அறிவியல் ஈந்த பெருந்தகை' என்று முடித்துவிடுதல் நம் வழக்கம். இவ்விடத்திலேதான் நாம் அவரை விட்டு விலகிவிடுகிறோம் என்று நான் கருதுகிறேன். கிறீன் தமிழுக்குப் பெருமை சேர்க்கவென்று தமிழில் எழுதினாரல்லர். ஆங்கிலத்திற் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தையும் உயர்ந்த ஊதியத்தையும் நாடி ஊரை விட்டகல்வதை அவர் கண்டார். ஊரவர்க்கு வைத்தியன் வேண்டும். அவன் ஊரிலேயே இருத்தல் வேண்டும். மாணாக்கர் மேலைநாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழ்வழிக் கல்வி அவருக்கு ஒரு வழியேயன்றி முடிவன்று, நோயாளியே முடிவு. மொழியைப் புகழ்ந்து நோயாளியை மறப்பது, நமக்கு இனிப்பானதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும்.

அவர் நோக்கம் முழுவதும் நமக்கு உடன்பாடாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் சமயம் பரப்ப வந்தவர், அதனை மறைத்தவரல்லர். தமிழருக்கு மருத்துவத்தொண்டு செய்த நற்செய்தியாளர் என்ற பொருள்படவே தம் கல்லறை வாசகத்தையும் அவர் விரும்பி அமைத்தார். நாட்டு வைத்தியத்தைச் சாடியபோது, அதன் நன்மைகளை அவர் போதிய அளவு எடைபோட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் நன்றி என்பது உடன்பாட்டின் மறுபெயரன்று. மறுக்கவேண்டியதை மறுத்து, கடன்பட்டதைக் கடனென்று ஒப்புக்கொள்ளல் இயலும்.

கடன் யாதென்பதே சிக்கல். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. இதனைக் குறைகூற நான் முற்படவில்லை. பல மாவட்டத்தவரும் இருமொழியினரும் ஒருங்கே கற்கும் பீடத்தில், நாள்தோறும் புதுப்பிக்கப்படும் துறையொன்றில், உலகோடு தொடர்பறுத்துக்கொள்ளுமாறு யாரும் கேட்கமுடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றபோது, ஆசிரியன் விருப்பத்தைக் காட்டி அவர்களைத் தடுத்துவைத்தலும் நியாயமன்று. மாணாக்கன் ஆசிரியனின் அடிமையல்லன். ஆனால், போவதற்கு உரிமையுண்டு என்று கூறும் அதே நாவால், ஊரிலேயே இருக்கச்சொன்னவரை எமது வழிகாட்டி என்றும் முழங்குவது எவ்வாறு பொருந்தும்? வழிகாட்டியின் வழியிற் செல்லவில்லை என்பதை வெளிப்படக் கூறுதலே அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

வேறு பாதையால் அதே இடத்தை அணுகியோரும் உளர். இம்மருத்துவபீடத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கி 2005இல் மறைந்த சி. சிவஞானசுந்தரம் ஆங்கிலத்திற் கற்பித்தார். 'நந்தி' என்ற பெயரில் தமிழிற் கதை எழுதினார். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய 'மலைக்கொழுந்து' அவருடையதே. நோயைக் குடிசையிலும் கூலியிலும் வைத்துக் காண்பது சமுதாய மருத்துவம். நாவலாசிரியனும் அதனையன்றி வேறெதனைக் காண்கிறான்? ஒரு மொழியிற் கற்பித்து மறுமொழியில் மக்களிடம் பேசியவர் அவர். கிறீனின் கடனில் ஒரு பங்கை அவர் இறுத்தார் என்றே சொல்வேன்.

எஞ்சிய பங்கு வைத்தியசாலைக் கட்டிலருகே கிடக்கிறது. ஆங்கிலத்தில் நோயறிந்த இளம் வைத்தியர் அதனைத் தமிழிற் சொல்ல வாயெடுக்கும்போது சொல் கிட்டாமல், பாதி சொல்லி, 'பயமில்லை, மருந்தை ஒழுங்காகப் போடுங்கோ' என்று நகர்ந்துவிட்டால், வயோதிபத் தாய் தனக்கு என்ன நோயென்று அறியாமலே வீடு திரும்புவாள். மருத்துவபீட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஓராண்டு கூடியிருந்து, கிறீனின் நூல்களைப் பிரித்துவைத்து, அவற்றில் எச்சொல் இன்றும் ஊரில் வழங்குகிறது, எது வழக்கிழந்தது, எதற்குப் புதுச்சொல் வேண்டும் என்று தேர்ந்து, நோயாளியோடு உரையாடுதற்கென ஒரு சிறு கையேடு தொகுக்கலாகாதா? அடுத்த ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கான செலவில் அதன் அச்சுக்கூலியும் அடங்கும்.