அச்சும் பொம்மையும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கொட்டகையில், என் கைபட்டு ஒரு பொம்மை விழுந்து உடைந்தது. பதறினேன். பெரியவர் சிரித்தார்: "போவுது விடுங்க சார்! அச்சு இருக்கு, வேற ஊத்திக்கலாம்."

இணையத்தில் போதைப் பொருள் விற்கும் கடைகளுக்கும் அது பொருந்தும். 2013 அக்டோபரில் அமெரிக்கப் போலீஸார் 'சில்க் ரோடு' கடையை மூடினார்கள். அடுத்த மாதமே அதே பெயரில் இன்னொன்று முளைத்தது.

2017-ல் நெதர்லாந்துப் போலீஸார் அச்சையே உடைக்க முனைந்தார்கள். 'ஹன்சா' என்ற கடையைக் கைப்பற்றி, ஏறக்குறைய ஒரு மாதம் தாங்களே இரகசியமாக நடத்தினார்கள். வாங்கியவர்களின் முகவரிகள் ஆயிரக்கணக்கில் சிக்கின. பிறகுதான் மூடினார்கள். விற்கிறவன் போலீஸாகவும் இருக்கலாம் என்ற அச்சம் பிறந்தது.

கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதத்திலும் விற்பனை நடந்ததே! பலரைக் காக்கச் சிலரைக் கைவிடலாம் என்பது கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கட்டும். அந்தச் சிலரில் ஒருவனைப் பெற்றவள் என் முன் வந்து நின்றால், அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

நாள்தோறும் பொம்மை உடைப்பதே நம் வேலையானாலும் சரி; நம் கையால் ஒன்று ஊற்ற வேண்டாம்.