தவணைக்குக் கூடும் பத்துப் பேர்

தறி ஓட்டுகிற வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் தெருவே பார்க்க வரும். சாத்துக்குடி, ரொட்டி, ஹார்லிக்ஸ். கிளம்பும்போது எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: “எதாச்சும் வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க.” சொன்னவருக்கு மனசு லேசாகிவிடும். படுத்தவரின் மனைவிக்கோ ஒரு வேலை கூடிவிடும். யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது? உதவ வந்தவர்கள் உதவி கேட்கும் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1971 சனவரியில் பெரியார் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தினார். அந்த ஒழிப்புப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்வேன்: நல்ல மனசு இருந்தால் உதவி தானாக நடந்துவிடும் என்கிற நம்பிக்கை. சாமியை நம்பாதவர்களும் இதை நம்புகிறார்கள்.

பள்ளிபாளையத்தைப் பாருங்கள். கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப்பிடித்துக் கிட்னி விற்க வைத்த செய்தி 2025 ஜூலையில் வெடித்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. வழக்கு அதன் வழியில் போகட்டும். எனக்கு உறுத்துவது 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு. உறுப்பை விற்கக் கூடாது. ஆனால் நெருங்கிய உறவினர் அல்லாதவரும், அன்பாலோ பற்றாலோ கொடுப்பதாக அங்கீகாரக் குழுவின் முன்அனுமதி பெற்றால், கொடுக்கலாம். உறுப்புத் தரகு இந்தச் சந்து வழியாகத்தான் நுழைகிறது. முன்பின் பார்த்திராத ஒரு பணக்காரர் மீது ஒரு தறித் தொழிலாளிக்குக் காகிதத்தில் அப்படியொரு அன்பு பிறந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தத் தொழிலாளி மேல் இருந்த அன்பு மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

அன்பு இல்லாத ஊரா அது? பக்கத்து ஊரான குமாரபாளையத்தில் 2021இல் ஒரு குழந்தைக்கு அரிய தசைச் சிதைவு நோய். ஒரே ஊசி, விலை 16 கோடி ரூபாய். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பினார்கள், ஒன்றிய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது, ஊசி போடப்பட்டது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரக்கத்துக்கு ஒரு படம் தேவைப்படுகிறது, ஒரு கெடு தேவைப்படுகிறது. வாரத் தவணைக்கு ஆயிரம் ரூபாய் குறைகிற நாற்பது வயது ஆளின் படத்தை யார் பகிர்வார்?

அக்கம்பக்கத்தாரை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதை உண்மையில் தெரிந்து வைத்திருப்பவர்கள் கடன் கொடுப்பவர்கள்தான். வங்கதேசத்தில் முகமது யூனுஸ் ஏழைப் பெண்களை ஐந்தைந்து பேராகச் சேர்த்துக் கடன் கொடுத்தார், 2006இல் அமைதிக்கான நோபல் பெற்றார். இங்கே 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் சேமிப்பையும் தன்மானத்தையும் பேசின. பிறகு வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அந்த வடிவத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டன. குறித்த கிழமை, ஒருவர் வீட்டுத் திண்ணை, வருகைப் பதிவு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் மற்றவர்களே அவள் வாசலில் போய் நிற்பார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் தறி நின்றது என்பது கடன்காரருக்கு அந்த வாரமே தெரிந்துவிடும், சொந்தக்காரருக்குத் தெரிய மாதமாகும். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நோட்டில் எழுதி வசூலித்து முடிக்கும் ஊர் இது. மொய் நோட்டை இருபது வருடம் பத்திரப்படுத்தும் ஊரும் இதுதான். நமக்குக் கணக்கு வராமல் இல்லை.

அதே நோட்டை, தவணைக்குக் கூடும் அதே பத்துப் பேரை, படுத்தவர் வீட்டுக்காகக் கூட்டினால் என்ன? “என்ன வேணும்?” என்று யாரும் கேட்க வேண்டாம். வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்றால், கூடப் போகிறவரின் கூலியும் போகிறது. ஆகவே செவ்வாய்க்கு ஒருவர், வெள்ளிக்கு ஒருவர். படுத்தவருடைய ஷிப்டை மாற்றி மாற்றி ஓட்டி, கூலியை அவர் பெயரில் எழுதலாம். பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு ஒரு வீட்டில். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும். ஆனால் வருமானச் சான்று வாங்கி ஆட்சியர் அலுவலகம் வரை அலைய ஒரு ஆள் வேண்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு நகர முடியாதவளால் அது முடியாது. எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒருவர். வருகிற எல்லாரும் அவரிடம்தான் கேட்க வேண்டும், நோயாளி வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது. அரசின் கடமையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அரசின் கதவைத் தட்டவும் கை ஒழிந்த ஒருவர் தேவை.

“அவன் குடிகாரன், அவன் வீட்டுக்கு எதுக்கு?” என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்பார். தவணை வசூலிக்க வருகிறவர் அதைக் கேட்பதில்லையே. இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பண்டிகை வரி நோட்டு எந்தத் தெருவோடு நிற்கிறது என்று பார்த்தாலே அது தெரியும். கடன்காரர் எல்லாத் தெருவுக்கும் போகிறார். கிட்னித் தரகர் ரத்த வகையைக் கேட்டார், சாதியைக் கேட்கவில்லை. நம் உதவி நோட்டு அவர்கள் அளவுக்காவது முன்னேறியிருக்க வேண்டாமா?

இன்னொரு ஆபத்து உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இப்படி ஒரு நோட்டு போட்டால் சமைப்பது, குளிப்பாட்டுவது, ஆஸ்பத்திரியில் தரையில் படுப்பது எல்லாம் மறுபடி பெண்கள் பெயரில் விழும், ஆண்கள் தொகையை எழுதிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அடுத்த கூட்டத்தில் நோட்டின் முதல் ஐந்து வரி ஆண்களுக்கு. தொகை எழுதக் கூடாது. கிழமையும் நேரமும் எழுதட்டும்.