சம்மேதகிரி ஏறுமுன்



ஐப்பசி பிறந்துவிட்டால் வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலுள்ள நம் இல்லங்களில் வடநாட்டு யாத்திரைப் பேச்சு எழத் தொடங்கிவிடும். சென்னையில் இரயிலேறி, ஹௌரா வழியாகப் பாரஸ்நாத் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் மதுவனம். அதற்கு மேலே மலை. விருஷபர் கயிலையிலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் ஊர்ஜயந்தகிரியிலும், மகாவீரர் பாவாபுரியிலும் வீடெய்தினர். எஞ்சிய இருபது தீர்த்தங்கரர்களும் வீடெய்திய இடம் சம்மேதகிரியே. இவ்வளவும் நம் வீட்டுச் சிறுவரும் அறிந்தது. நாம் இங்குக் கூற விழைவது, ஏறுவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய ஆலோசனையைப் பற்றியது.

பக்திக்கு எதற்கு ஆலோசனை என்று கேட்பார் உளர். மலையின் அளவைக் கேட்டபின் அவர்களே கூறட்டும். மதுவனத்திலிருந்து மேலே செல்ல 9 கிலோமீட்டர். மேலே திருவடிக் கோயில்களைச் சுற்றிவர 9 கிலோமீட்டர். இறங்க மீண்டும் 9 கிலோமீட்டர். ஆக 27 கிலோமீட்டர், ஒரே நாளில், வெறுங்காலுடன், பெரும்பாலோர் மலையின்மேல் உணவு கொள்ளாமல். பார்சுவநாதர் திருவடி அமைந்த உச்சி சுமார் 1,365 மீட்டர் உயரம். ஜார்க்கண்டு மாநிலத்திலேயே உயர்ந்த சிகரம் அது. நம் பொன்னூர் மலையை ஒரு மூச்சில் ஏறி இறங்குவோர், அதையே அளவாகக் கொண்டு சம்மேதகிரியை எண்ணிவிடலாகாது.

நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அதற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தைக் குறைவுபடுத்தும் பிழைகளை, உமாஸ்வாமிகள் தத்வார்த்த சூத்திரத்தில் கூறியுள்ளார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். முதல் மூன்றும் நம்மிடம் நிகழா என்று நாம் நிம்மதி கொள்ளலாம். பின்னிரண்டும் யாத்திரைப் பாதையிலேயே நமக்காகக் காத்திருக்கின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை. பாரம் ஏற்றுதல் என்றதும் வண்டிமாடு மட்டுமே நம் நினைவில் வருகிறது.

டோலியை எடுத்துக்கொள்வோம். முதியோரும் நோயுற்றோரும் டோலியில் ஏறுவது குற்றம் என்று நாம் கூறவில்லை. அடிவாரத்து மக்கள் பலர்க்கு அதுவே பிழைப்பு. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றும் வினையே என்பது நம் சமயம். பருத்த உடலினரை இருவர் தோளில் ஏற்றி, கூலியில் பேரம் பேசி, முன்னே சென்றோரை எட்டிப்பிடிக்குமாறு விரைவுபடுத்துவது, திருவடி வணங்கச் செல்லும் வழியிலேயே அதிபாராரோபணம் என்னும் பிழையைச் செய்விப்பதாகும். நால்வர் தூக்கும் டோலிக்குரிய தொகையை ஊரிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்க. தூக்குவோர் இளைப்பாறும்போது கடிகாரத்தைப் பாராதிருங்கள். நடக்க வலிமையுள்ள வாலிபர் டோலியில் அமர்ந்து செல்வதைப் பற்றி நாம் எழுதாதிருப்பதே நன்று.

உணவு தடுத்தல் இன்னும் நுட்பமானது. பெரியவர் தம் விருப்பத்தால் நீரும் அருந்தாமல் ஏறுவது தவம். அதே நியமத்தை எட்டு வயதுக் குழந்தைமேல் சுமத்துவது தவமாகாது. அது அன்னபான நிரோதம். நீரிழிவு நோய்க்கு மருந்துண்போர் வெறும் வயிற்றோடு ஒன்பது மணி நேரம் நடப்பதையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறவந்த இடத்தில், ஈகையையும் தவத்தையும் ‘சக்திக்கு ஏற்ப’ என்ற அடைமொழியோடுதான் உமாஸ்வாமிகள் வைத்தார். உடலை மாய்த்துக்கொள்வதே புண்ணியம் என்று எண்ணி மலையினின்று வீழ்வதை, சமந்தபத்ராசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் உலக மூடங்களுள் ஒன்றாகக் காட்டியிருப்பதையும் இங்கு நினைத்தல் தகும். ஆகவே காய்ச்சி வடித்த நீரை உடன் கொண்டு செல்க. பாதத்தில் உணர்ச்சி மழுங்கியோர் துணிக் காலுறை அணிந்தே நடக்கட்டும்.

இனிப் புறப்படும் நேரம். இதில்தான் மெய்யான சிக்கல் உள்ளது. இரவு 2 மணிக்கே கிளம்புவது பலரின் வழக்கம். நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராதவாறு நடத்தலே ஈர்யா சமிதி. அது முனிவர்க்குரியது, அதனால் அவர் இருளில் நடப்பதில்லை. நமக்கு அத்துணைக் கடுமை இல்லையெனினும், காட்டுவழியில் இருளில் கூட்டமாய் ஓடுவதைக் கொல்லாமையோடு எங்ஙனம் பொருத்துவது? சரி, விடிந்தபின் கிளம்பலாமென்றால், மார்கழியில் அப்பகுதியில் மாலை 5 மணியளவிலேயே ஞாயிறு மறைந்துவிடும். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, நம்மவர் நடையில் ஏற நான்கு மணி, சுற்ற நான்கு மணி, இறங்க மூன்று மணி என்று கணக்கிட்டால், அடிவாரம் சேர்வதற்குள் இருட்டிவிடும். இரவுண்ணா நோன்பினர் அன்று முழுவதும் பட்டினி கிடக்க நேரும். ஓர் அறத்தைக் காக்கப் புகுந்தால் மற்றோர் அறம் கைநழுவுகிறது.

எமக்குத் தோன்றுவது இது. பெரும்பான்மையோர் காலை 4 மணிக்குப் புறப்படலாம். இருளில் நடக்கும் இரண்டு மணி நேரமும் அமைக்கப்பட்ட பாதையைவிட்டு விலகாமல், கைவிளக்கின் ஒளியைக் காலடிக்கு முன்னே தாழ்த்திப் பிடித்து, மெல்ல நடக்கட்டும். பிற்பகல் 3 மணிக்கு இறங்கிவிடலாம், உண்பதற்கும் பொழுதிருக்கும். நோன்பில் உறுதியுடையோர் விடிந்தபின் புறப்பட்டு, அந்நாளை உபவாசமாக முன்னதாகவே ஏற்றுக்கொள்ளட்டும். முன்னதாகவே என்பது முக்கியம். நேர்ந்துவிட்ட பட்டினிக்குப் பின்னர் உபவாசம் என்று பெயர் சூட்டுவதில் பயனில்லை.

திக்விரதத்தில் ஒரு செய்தி உண்டு. திசைகளுக்கு எல்லை வகுத்துக்கொண்டவன் அதைக் கடத்தல் பிழை. மேல்நோக்கி எல்லை கடத்தலும் பிழை. தான் வகுத்த எல்லையையே மறத்தலும் தனியொரு பிழை. மலை ஏறுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. குழுவினர் இரவே கூடி, எத்தனை மணிக்கு எங்கிருப்பினும் திரும்புவது என்று வரையறுத்துக்கொள்க. நண்பகல் 12 மணி என்பது நம் கருத்து. கௌதம கணதரர் திருவடியில் தொடங்கும் மேற்சுற்றில், சந்திரப்பிரபர் திருவடி ஒரு கோடியில் தனித்து நிற்கிறது. பார்சுவநாதர் உச்சி மறுகோடியில். கால் தளர்ந்தோர் இரண்டையும் அன்றே கண்டாகவேண்டுமென்று பிடிவாதம் கொண்டால், அவரைத் தாங்கிச் செல்லும் மகனுக்கும் மருமகளுக்கும் வழிபாட்டில் மனம் நில்லாது. சந்திரப்பிரபரை இருந்த இடத்திலிருந்தே நோக்கி வணங்கி மேற்செல்லலாம்.

மோட்ச சப்தமியன்று அங்கிருக்க வேண்டுமென்ற ஆவல் இயல்பே. ஆனால் அது ஆடி ஆவணி மழைக்காலம். பாதை வழுக்கும், புல்லும் பூச்சியும் பெருகும். முனிவரே ஓரிடத்தில் தங்கும் காலத்தில் இல்லறத்தார் கூட்டமாய் ஏறுவதை நாம் விரும்புவதில்லை. கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். குளிர் மிகும், கம்பளி கொள்க. புறப்படுமுன் ஒரு திங்கள் பொன்னூரிலோ திருமலையிலோ நாள்தோறும் ஏறிப் பழகினால் முழங்கால் நன்றி கூறும்.

உச்சியில் நின்றால் வடக்கே பராகர் ஆறு பாயும் நிலமும், தெற்கே தாமோதர் பள்ளத்தாக்கின் பக்கமும் விரிந்து கிடக்கும். தெளிந்த நாளில் அக்காட்சி மனத்தைக் கொள்ளைகொள்வதே, காண்பதில் குற்றமில்லை. ஆயினும் சித்தராகும் உயிர், வீடெய்திய இடத்திலிருந்து நேர்மேலே உலக நுனிக்குச் செல்லும் என்பது நம் ஆகமம். ஆதலின் அங்குச் சென்றோர் சிறிது நேரமாவது கீழே நோக்குவதை விடுத்து மேலே நோக்குவாராக. 2019 ஆகஸ்டு 2 அறிவிக்கையில் இம்மலைச் சூழலில் சுற்றுலாவுக்கு இடம் வைக்கப்பட்டதை எதிர்த்து, 2022 டிசம்பரில் நாடெங்கும் சமணர் வீதிக்கு வந்தனர். 2023 ஜனவரி 5 அன்று நடுவண் அரசு அச்சுற்றுலாப் பணிகளை நிறுத்திவைத்தது. சுற்றுலாத் தலமன்று என்று வாதாடிய நாமே, படம் பிடிக்கவும் பாட்டுப் போடவும் நெகிழிப் புட்டிகளை எறியவும் ஏறினால், எவர் நம் சொல்லை மதிப்பர்? சந்தால் மக்களும் இம்மலையை மராங் புரு என்று போற்றி வணங்குகின்றனர். அவர்கள் வீட்டுக்கு விருந்தினராய்ச் செல்வதுபோல் நடந்துகொள்வது முறை.

ஏற இயலாமல் மதுவனத்துத் தர்மசாலையில் தங்கிவிடும் பாட்டிமாரைத் தனியே விட்டுச் செல்ல வேண்டா, ஒருவர் துணையிருக்கட்டும். இருபது திருவடிகளின் பெயரையும் வரிசைப்படி பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். மேலே நீங்கள் குந்துநாதரை வணங்கும் வேளையில் அவர்கள் கீழே அமர்ந்து அப்பெயரைச் சொல்லி அரிசி இட்டு வணங்குவர். பாவ வந்தனை என்று பெரியோர் கூறியது அதுவே. இறங்கி வந்தவுடன் முதலில் அவர்களிடம் சென்று, எங்கெங்கு வணங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கால் வலியைப் பற்றிப் பிறகு பேசலாம்.